ஆச்சேயில் பேச்சுவார்த்தை ஜெயித்ததற்குச் சுனாமி மட்டும்தான் காரணமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். பேச்சுவார்த்தையால் முடிந்த பிரிவினைப் போர் ஒன்றை எடுத்து செமினார் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் மிசோரம் என்று பெயர் கொடுத்துவிட்டதால் நான் இந்தோனேசியாவின் ஆச்சேயைப் பிடித்துக்கொண்டேன்.

இதுவரை படித்தது இவ்வளவுதான். சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கும் மாகாணம். 1976 டிசம்பர் 4 அன்று ஹசன் டி திரோ தனிநாடு அறிவித்தார், 'காம்' என்று எல்லோரும் சொல்லும் சுதந்திர ஆச்சே இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் கையெழுத்தானது. நடுவில் கிட்டத்தட்ட 29 ஆண்டுகள், சுமார் 15,000 உயிர்கள் போனதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள்.

எங்கே தேடினாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது: 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தது, இரண்டு பக்கமும் மனம் மாறியது, கையெழுத்துப் போட்டார்கள். அப்படியானால் என் செமினார் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அதே அலை அதே நாளில் இலங்கையையும்தான் அடித்தது, அங்கே போர் இன்னும் மோசமாகத்தானே போனது? இன்னொன்று, 2002 டிசம்பரிலேயே ஆச்சேயில் ஒரு ஒப்பந்தம் போட்டு அது ஆறு மாதம்கூடத் தாங்காமல் 2003 மே மாதம் இராணுவச் சட்டத்தில் போய் முடிந்திருக்கிறது. அதே அரசு, அதே இயக்கம். இரண்டே வருடத்தில் என்ன மாறியது? என் நண்பன் ஒருவன், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், இராணுவம் நொறுக்கியதால்தான் காம் வழிக்கு வந்தது என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுமத்ராக்காரன்

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, முதலில் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். சுனாமிக்குப் பிறகு யோசித்த பேச்சுவார்த்தை இல்லை இது. 2004 அக்டோபரில் யுதயோனோ ஜனாதிபதியாகவும் யூசுப் கல்லா துணை ஜனாதிபதியாகவும் பதவியேற்றார்கள். கல்லா அதற்கு முன்பே போசோவிலும் மலுக்குவிலும் மதக் கலவரத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்களை மாலினோ என்ற ஊரில் உட்கார வைத்து 2001, 2002-இல் உடன்பாடு கண்டவர். அந்த வேலையில் அவருக்குக் கூட இருந்தவர் ஃபரித் ஹுசைன் என்ற மருத்துவர். இந்த ஃபரித்துக்கு யூஹா கிறிஸ்டென்சென் என்ற பின்லாந்து வியாபாரியைத் தெரியும். கிறிஸ்டென்சென் ஸ்டாக்ஹோமில் இருந்த காம் தலைவர்களிடம் போய் வந்தார், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரியின் கதவையும் தட்டினார். இரு தரப்பும் சந்திப்பது, அஹ்திசாரி மத்தியஸ்தம் செய்வது என்பதெல்லாம் டிசம்பர் 26-க்குச் சில நாட்கள் முன்பே பேசி முடிந்த விஷயம். அப்புறம்தான் அலை வந்தது.

சுனாமி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆச்சேயில் மட்டும் சுமார் 1.7 லட்சம் பேர் போய்விட்டார்கள். அதுவரை வெளிநாட்டுக்காரன் கால் வைக்க முடியாமல் அடைத்து வைத்திருந்த மாகாணத்தில் திடீரென்று உலகம் முழுக்க வந்து இறங்கியது. நானும் அப்படி ஒரு நிவாரண அமைப்போடு வந்தவன்தான். அத்தனை கேமராவுக்கு முன்னால் சண்டையைத் தொடர இரண்டு பக்கத்துக்கும் கூச்சமாக இருந்தது, விட்டுக்கொடுப்பதற்கு 'மக்கள் துயரம்' என்று கௌரவமான ஒரு காரணமும் கிடைத்தது. முதல் சுற்று 2005 ஜனவரி கடைசியிலேயே நடந்ததும் அந்த வேகத்தால்தான். ஆனால் வேகம் கொடுத்தது வேறு, வழி போட்டது வேறு.

2002 ஒப்பந்தம் ஏன் உடைந்தது என்பதில்தான் உங்கள் செமினாரே இருக்கிறது. ஜெனீவாவின் ஹென்றி டுனான்ட் மையம் மத்தியஸ்தம் செய்த ஒப்பந்தம் அது. முதலில் சுடுவதை நிறுத்துவோம், நம்பிக்கை வளரட்டும், அரசியலைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பிறகு' எங்கே போய் முடியும் என்பதை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். காம் தோழர்கள் ஊர் ஊராகப் போய் சுதந்திரம் வரப்போகிறது, இது முதல் படி என்று பேசினார்கள், ஆள் சேர்த்தார்கள். ஜகார்த்தாவில் இருந்த மத்திய அரசோ, இவர்கள் சுயாட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இனி ஆயுதத்தை வைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தது. கண்காணிக்கத் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் அதிகாரிகள் வந்தார்கள். 2003 மார்ச்சில் தகெங்கோனில் இருந்த கண்காணிப்பு அலுவலகத்தைக் கூட்டம் கூடி அடித்து நொறுக்கியபோது அவர்களால் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. மே மாதம் டோக்கியோவில் கடைசியாக உட்கார்ந்தார்கள், அதற்குக் கிளம்பிய காம் பேச்சாளர்களையே மாகாணத் தலைநகர் பண்டா ஆச்சேயில் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. மே 19 இராணுவச் சட்டம்.

அஹ்திசாரி இதை அப்படியே தலைகீழாக்கினார். போர்நிறுத்தத்தைப் பற்றி முதலில் பேசவே வேண்டாம், கடைசி அரசியல் ஏற்பாடு என்ன என்பதை முதலில் முடிப்போம், எல்லாவற்றிலும் ஒத்துக்கொள்ளும் வரை எதிலும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை என்றார். தனிநாடு பேசுவதாக இருந்தால் நான் இல்லை என்றும் காமிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், மத்தியஸ்தர் இப்படிக் கறாராகப் பேசலாமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். ஐந்து சுற்று, ஆறு மாதம். காட்டில் அந்த ஆறு மாதமும் துப்பாக்கிச் சத்தம் நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது சண்டை நடந்தால் பேச்சு உடைந்துவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். இங்கே போர்நிறுத்தமே இல்லாததால் அதை மீறினாய், நீதான் முதலில் மீறினாய் என்ற பஞ்சாயத்தும் இல்லை.

உங்கள் நண்பன் சொல்லும் அடி விஷயத்துக்கு வேறு யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது.

வல்லைவெளி

அந்த அடி விஷயத்தை நான் எடுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், எனக்கு இதில் கொஞ்சம் சூடு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

2003-க்குப் பிறகு காமுக்கு நல்ல அடி விழுந்தது உண்மைதான். ஆட்கள் குறைந்தார்கள், சாப்பாட்டு வழி அடைபட்டது. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியிலேயே தளபதி அப்துல்லா ஷாஃபி கொல்லப்பட்டுவிட்டார். அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அடிதான் மருந்து என்றால் 1989 முதல் 1998 வரை அந்த மாகாணத்தையே இராணுவ நடவடிக்கைப் பகுதி என்று அறிவித்து ஒன்பது வருடம் அடித்தார்களே, அது ஏன் வேலை செய்யவில்லை? 1998-இல் ஜனாதிபதி சுகார்த்தோ பதவியில் இருந்து விழுந்த கையோடு இராணுவத் தளபதி விராண்டோ போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் நவம்பரில் பண்டா ஆச்சேயின் பைதுர்ரஹ்மான் பள்ளிவாசல் முன்னால் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று லட்சக்கணக்கில் சனம் திரண்டது. ஒன்பது வருடத்துக்கு முன்பு சில நூறு பேர் வைத்திருந்த இயக்கத்துக்கு, அந்த ஒன்பது வருடம்தான் ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கொடுத்தது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் வளர்ந்து வந்து துவக்குத் தூக்கினார்கள்.

அடிபட்ட இயக்கம் பேச வரும், சரி. ஆனால் அடித்துக்கொண்டிருக்கும் அரசு ஏன் பேச வர வேண்டும்? இன்னும் இரண்டு வருடம் அடித்தால் முடிந்துவிடும் என்றுதானே எந்தத் தளபதியும் சொல்வான்? எனக்கு ஆச்சேயில் வியப்பே அரசுப் பக்கம்தான். பதவியை விட்டுப் போகும்போது முந்தைய ஜனாதிபதி மேகவதி, கடும்போக்காளரான ரியாமிசார்ட் ரியாச்சுடுவை முப்படைத் தளபதியாக்கப் பார்த்தார். யுதயோனோ வந்ததும் அதை நிறுத்தினார், சில மாதத்தில் தரைப்படைத் தலைமையில் இருந்தும் அவரை மாற்றினார். யுதயோனோவே ஜெனரலாக இருந்தவர், இராணுவத்துக்கு எது எங்கே கசக்கும் என்று அவருக்குத் தெரியும். கல்லா அதே டிசம்பரில் கோல்கார் கட்சித் தலைவரானார், பாராளுமன்றத்தில் மிகப்பெரிய கட்சி அது. அதாவது ஹெல்சின்கியில் ஒப்புக்கொண்டதை ஊரில் வந்து நிறைவேற்றக்கூடிய ஆட்கள்தான் பேசினார்கள்.

இப்போது எங்கள் பக்கம் பாருங்கோ. 2005 ஜூன் 24 அன்று சுனாமி நிவாரணத்தைப் பகிர்வதற்கு என்று மட்டும் அரசும் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். அரசியல் தீர்வு ஒன்றும் கிடையாது, கூடாரத்துக்கும் வள்ளத்துக்கும் காசு பிரிப்பதற்கு. அதற்கே கூட்டணியில் இருந்த ஜேவிபி கட்சி அரசை விட்டு வெளியேறியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. ஆகஸ்ட் 12 அன்று வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து ஹெல்சின்கியில் மற்றவர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அலை ஒன்றுதான், ஆனால் கொழும்பில் கையெழுத்துப் போட்டவரால் அடுத்த மாதம் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

எங்கள் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. காமிடம் புலிகளின் கிளிநொச்சி மாதிரி ஒரு தலைநகரம் இல்லை. புலிகளிடம் நீதிமன்றம், வங்கி, காவல்துறை, கடற்படை எல்லாம் இருந்தது. கையில் பாதி நாடு இருக்கும்போது தனிநாட்டைக் கைவிடுகிறேன் என்று சொல்வதற்கும், காட்டில் பட்டினியோடு இருக்கும்போது சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. 2002 டிசம்பர் ஒஸ்லோவில் கூட்டாட்சியை ஆராயலாம் என்ற அளவுக்கு வந்ததை நான்கு மாதத்தில் பேச்சை விட்டே வெளியேறிப் பாழாக்கியதில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு, இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் எனக்கு ஏசும்.

வைகைக்கரை

தங்கைதான் :) இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன். தனிநாடு கேட்டு 29 வருடம் போராடிய இயக்கம் அதை விட்டுக்கொடுத்து வெறும் சுயாட்சியை வாங்கிக்கொண்டது என்றால் போராளிகள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்? சுயாட்சி ஏற்கெனவே 2001 சட்டத்திலேயே கொடுத்தாகிவிட்டதே. புதிதாக என்ன கிடைத்தது?

கோப்புக்கட்டு

சரியான கேள்வி. ஒப்பந்தம் சில பக்கங்கள்தான், முழுசாகப் படித்துவிடுங்கள், அதைப் பற்றி எழுதியவற்றைவிட அதுவே தெளிவாக இருக்கிறது.

புதிதாகக் கிடைத்தது உள்ளூர்க் கட்சி. கேட்க சின்ன விஷயம்போல் இருக்கும். இந்தோனேசியச் சட்டப்படி ஒரு கட்சி தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் நாட்டின் பல மாகாணங்களில் கிளை இருக்க வேண்டும், தலைமையகம் ஜகார்த்தாவில் இருக்க வேண்டும். மாகாணக் கட்சி என்ற ஒன்றே கிடையாது. நம்மூர் ஆளுக்கு இது விளங்குவது கஷ்டம், திமுகவோ அதிமுகவோ டெல்லியில் தலைமையகம் வைத்து பத்து மாநிலத்தில் கிளை திறந்தால்தான் தமிழ்நாட்டில் போட்டியிடலாம் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? சுயாட்சி கொடுத்தேன் என்று ஜகார்த்தா சொன்னாலும் அந்த சுயாட்சியை நடத்தப்போவது ஜகார்த்தா கட்சிகளின் உள்ளூர்க் கிளைகள்தான் என்பதால் காமுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஹெல்சின்கியில் கடைசி வரை இழுத்தடித்த விஷயம் இதுதான். பிரிவினைக்குப் பின்கதவு திறப்பது என்று ஜகார்த்தா பாராளுமன்றத்தில் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் ஆச்சேக்கு மட்டும் விதிவிலக்கு என்று முடிந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு எங்கே போவது என்ற கேள்விக்கு அதில்தான் பதில் கிடைத்தது.

பணம் அடுத்தது. ஆச்சேயின் லொக்சுமாவே நகரத்துப் பக்கம் 1971-இல் அருண் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது, மொபில் நிறுவனம் எடுத்தது. வாயு போனது, வருமானம் ஜகார்த்தாவுக்குப் போனது, சுற்றி இருந்த கிராமங்களுக்குச் சிப்பாய்தான் வந்தான். ஒப்பந்தத்தில் ஆச்சேயின் இயற்கை வளங்களின் வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேக்கு என்று எழுதினார்கள். அதற்குள் அருண் வயல் வற்றத் தொடங்கிவிட்டது என்பது தனிக் கதை. அதை ஈடுகட்டத்தான் 2008-இல் இருந்து மத்திய அரசு பிராந்திய அரசுகளுக்குப் பிரித்துத் தரும் தேசியப் பொது ஒதுக்கீட்டில் 2 சதவீத அளவுக்குத் தனி சுயாட்சி நிதி 15 ஆண்டுகள் வந்தது, 2023-இல் இருந்து அது 1 சதவீதம், 2027-உடன் முடிகிறது.

எல்லோரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் எதற்குத் தேதி போட்டார்களோ அது நடந்தது, எதற்குத் தேதி போடவில்லையோ அது இழுபறியில் கிடக்கிறது. கைதிகளுக்கு மன்னிப்பு 15 நாளில் என்று இருந்தது, செய்தார்கள். 840 ஆயுதம், 2005 செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31-க்குள் நான்கு கட்டமாக, காம் ஒரு கட்டம் ஒப்படைத்தால் அரசு ஒரு கட்டம் வெளிமாகாணப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும், கடைசியில் 14,700 இராணுவமும் 9,100 போலீஸும் மட்டும் இருக்கலாம் என்று எண்ணோடு எழுதினார்கள், அதுவும் நடந்தது. புதிய சட்டத்துக்கும் தேர்தலுக்கும் தேதி இருந்தது, மாதங்கள் தள்ளிப்போனாலும் 2006-க்குள் இரண்டும் வந்துவிட்டன.

மனித உரிமை நீதிமன்றம் அமைக்கப்படும், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைக்கப்படும் என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். தேதி இல்லை. 2006 ஆச்சே ஆட்சிச் சட்டம் நீதிமன்றத்தைச் சேர்த்தது, ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்கு மட்டும். செத்தவர்கள் எல்லாம் அதற்கு முன்பு செத்தவர்கள்! ஆணையத்தைத் தேசிய ஆணையத்தோடு கட்டி வைத்தார்கள், அந்தத் தேசிய ஆணையச் சட்டத்தையே அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. மாகாண அளவில் ஒரு ஆணையம் 2016-இல்தான் வந்தது. பிடியே மாவட்டத்தில் ரூமோ கெடோங் என்று ஒரு பெரிய மர வீடு, இராணுவ நடவடிக்கைக் காலத்தில் சித்திரவதை முகாமாக இருந்தது. 2023 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி ஜோகோவி அந்த இடத்துக்கே போய், பழைய மீறல்களுக்கு வழக்கு அல்லாத தீர்வு என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார். நிகழ்ச்சிக்கு மேடை போட இடம் வேண்டும் என்று அங்கே மிச்சம் நின்றிருந்த சுவரையும் படிக்கட்டையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். சாட்சியத்தை இடித்துவிட்டு அனுதாபம் சொன்ன அரசு அது, எனக்கு இதற்கு மேல் நாகரிகமாக எழுத வரவில்லை.

காமையும் விடக்கூடாது. அவர்களும் வரி வசூலித்தார்கள், ஆள் கடத்தினார்கள், ஜாவாவில் இருந்து வந்து குடியேறியவர்களை விரட்டினார்கள். பழையதைத் தோண்டாமல் இருப்பதில் மேசையின் இரண்டு பக்கத்துக்கும் லாபம் இருந்தது. நஷ்டப்பட்டவர்கள் மேசையில் இல்லை.

சுமத்ராக்காரன்

திரும்ப வந்தேன். ஆயுதம் ஒப்படைத்ததை கோப்புக்கட்டு ஒரு வரியில் முடித்துவிட்டார், நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பல நாடுகளில் சமாதானம் கெட்டுப்போகிறது.

ஒரு மைதானம். நடுவில் வெள்ளைக் கூடாரம். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகள் ஐந்தும் சேர்ந்து அனுப்பிய கண்காணிப்புக் குழு, பீட்டர் ஃபெய்த் என்ற டச்சுக்காரர் தலைமை. காம் ஆட்கள் பழைய சாக்கிலும் துணியிலும் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயும் அறையும் எஃகுதானா, குண்டு போட்டால் சுடுமா என்று பார்ப்பார். இரும்புக் குழாயை வளைத்து ஊரில் செய்த நாட்டுத் துப்பாக்கி பலதும் தள்ளுபடி. அரசுத் தரப்பு அதிகாரி பக்கத்தில் நின்று சிலவற்றை ஆட்சேபிப்பார், அதைத் தனியாக எழுதி வைப்பார்கள். ஏற்றுக்கொண்டதை அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும், மின்சார ரம்பத்தில் கொடுத்துத் துண்டாக அறுத்துவிடுவார்கள். தீப்பொறி பறக்கும், பையன்கள் வேலியில் ஏறி நின்று பார்ப்பார்கள். எங்கேயோ கிடங்கில் பூட்டி வைத்தால் நாளை திரும்ப எடுப்பார்கள் என்ற சந்தேகம் இருக்கும், அறுத்தாகிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது. மொத்தம் ஆயிரத்துக்கு மேல் ஒப்படைத்து அதில் 840 தேறியது. அதே வாரங்களில் லொக்சுமாவே துறைமுகத்தில் வெளிமாகாணப் படைகள் கப்பல் ஏறின.

2002 கண்காணிப்பாளர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம், தகராறு வந்தால் இது இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஃபெய்த்துக்கு ஒப்பந்தத்திலேயே இருந்தது.

இன்னொன்று. இர்வாண்டி யூசுப் என்று ஒரு கால்நடை மருத்துவர், காமில் இருந்தவர். சுனாமி அன்று பண்டா ஆச்சே கெயூடா சிறையில் இருந்தார். தண்ணீர் ஏறிக் கைதிகளில் பெரும்பாலானவர்கள் மூழ்கிப் போக, இவர் கூரையை உடைத்து மேலே ஏறித் தப்பினார். இரண்டு வருடம் கழித்து, 2006 டிசம்பர் 11 தேர்தலில் அதே மனிதர் ஆச்சேயின் ஆளுநர். உள்ளூர்க் கட்சி அப்போது வரவில்லை, சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2009-இல் காம்காரர்களின் ஆச்சே கட்சி மாகாண சபையில் 69-க்கு 33 இடம் பிடித்தது.

பினாங்கு பாலன்

மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் இருந்து பார்த்ததையும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். மலேசியாவில் ஆச்சேக்காரர்கள் எப்போதுமே உண்டு. சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில் படகில் வந்து இறங்கியவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை, பலரிடம் ஒரு காகிதமும் இருக்காது. கோலாலம்பூர் சௌகிட் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் ஆச்சேக்காரர்கள் நிறைய. என் தெருமுனைக் கடையில் வேலை பார்த்தவர் ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இதுவும் 2002 மாதிரிதான் என்று சொல்லிவிட்டுச் சாமான் அடுக்கப் போய்விட்டார். அவர் நம்பத் தொடங்கியது துப்பாக்கி அறுக்கும் படம் நாளிதழில் வந்தபோது இல்லை, அவருடைய ஊர்ப் பாதையில் இருந்த இராணுவச் சாவடி நிஜமாகவே காலியாகிவிட்டது என்று அவருடைய அக்கா போன் பண்ணிச் சொன்னபோதுதான். அதன் பிறகு ஊருக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு வருடத்தில் வேலை இல்லை என்று திரும்பி இங்கேயே வந்துவிட்டார். சமாதானம் வந்தது, சம்பளம் வரவில்லை என்பார்.

வல்லைவெளி

பாலன் அண்ணை சொன்னது முக்கியம். ஒப்பந்தம் 3,000 போராளிகள் என்று கணக்குச் சொன்னது. நிஜத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு ஆட்கள், சாப்பாடு கொடுத்தவன், சேதி கொண்டுபோனவன், சிறையில் இருந்தவன் எல்லோரும் எனக்கு எங்கே பங்கு என்று வந்தார்கள். காசு தளபதிகள் கையால் பிரிந்தது. சிலர் ஒப்பந்தக்காரர் ஆனார்கள், பெரிய வண்டி வாங்கினார்கள். இர்வாண்டியே 2017-இல் திரும்ப ஆளுநராகி அடுத்த வருடம் லஞ்ச வழக்கில் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் மாட்டினார். இவ்வளவு நிதி வந்தும் சுமத்ராவிலேயே வறுமை அதிகமான மாகாணங்களில் ஒன்றாகத்தான் ஆச்சே இருக்கிறது.

ஆனாலும் தங்கச்சி, இதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். ஊழல் அரசியல்வாதியைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். செத்த பிள்ளையை ஒன்றும் செய்ய முடியாது.

வைகைக்கரை

ஷரியா சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிரம்படி தண்டனை எல்லாம் செய்தியில் வருகிறது. அது காம் கேட்டு வாங்கியதா?

கோப்புக்கட்டு

இல்லை, இது பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். ஷரியாவை 1999, 2001 சட்டங்கள் வழியாக ஜகார்த்தாதான் கொடுத்தது, காம் கேட்கவில்லை. மதப்பற்று உள்ள மக்கள், இதைக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 1953-இல் தாவூத் பெரேயே கிளர்ச்சி செய்தபோது இஸ்லாமிய அரசு என்பது கோரிக்கையாக இருந்தது உண்மை, 1959-இல் சிறப்புப் பிரதேசம் என்ற பட்டம் கொடுத்து அதை அடக்கினார்கள், பட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. ஹசன் டி திரோவின் வாதம் வேறு, ஆச்சே ஒரு தனி அரசாக இருந்தது, 1873-இல் டச்சுக்காரன் படையெடுத்தான், அவன் பிடித்ததை ஜாவாக்காரன் கையில் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை என்பது. ஹெல்சின்கியில் காம் ஷரியாவை வற்புறுத்தவில்லை. நோயைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த மருந்து, போருக்கும் உதவவில்லை, இன்று பெண்கள்தான் அதைச் சுமக்கிறார்கள்.

இன்னொரு பழைய கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1948-இல் புதிய குடியரசுக்கு விமானம் வாங்க ஆச்சே மக்கள் காசும் நகையும் போட்டார்கள், சுலாவா என்று பெயர் வைத்த டகோட்டா. அதன் மாதிரி ஒன்று பண்டா ஆச்சேயின் பிளாங் படாங் மைதானத்தில் நிற்கிறது. குடியரசு கிடைத்த கையோடு ஆச்சேயை வட சுமத்ரா மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். கொடுத்த வாக்கை மீறுவது அங்கே பழைய நோய், ஹெல்சின்கியில் எண்ணும் தேதியும் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

அந்த ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 2025 சம்பவம் ஒன்று போதும். நான்கு சின்னத் தீவுகளை உள்துறை அமைச்சகம் வட சுமத்ராவுக்கு என்று உத்தரவு போட்டது. ஆச்சேயில் கொந்தளிப்பு. ஆச்சேயின் எல்லை 1956 ஜூலை 1 நிலவரப்படி என்று ஹெல்சின்கியில் எழுதியிருக்கிறதே என்று கல்லா வந்து பேசினார். ஜூனில் ஜனாதிபதி பிரபோவோ தீவுகள் ஆச்சேக்குத்தான் என்று முடித்தார். அப்போது ஆளுநர் யார் தெரியுமா? காமின் தளபதியாக இருந்த முஸாகிர் மனாஃப். எதிரில் ஜனாதிபதி, முன்னாள் சிறப்புப் படை ஜெனரல். இருபது வருடம் முன்பு காட்டில் தீர்த்திருப்பார்கள், இப்போது கோப்பை வைத்துத் தீர்த்தார்கள்.

சுமத்ராக்காரன்

தங்கைக்குக் கடைசியாக ஒரு யோசனை. செமினாரில் 'ஆச்சே மாதிரி எல்லா இடத்திலும் செய்யலாம்' என்று போய்விடாதீர்கள், ஆசிரியர் உடனே பப்புவா என்பார். அதே ஜகார்த்தா, நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் பப்புவாவுக்கும் 2001-இலேயே சுயாட்சிச் சட்டம் கொடுத்தது, இன்னும் துப்பாக்கி ஓயவில்லை. அங்கே காம் மாதிரி ஒரே தலைமை இல்லை, யாரிடம் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்றே தெரியாது. ஆச்சேயில் ஸ்டாக்ஹோமில் இருந்து காம் தலைவர் மாலிக் மஹ்மூத் சொன்னால் காட்டில் இருந்த முஸாகிர் கேட்டார், 2005 டிசம்பர் 27 அன்று படைப்பிரிவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள், பிரிந்துபோய்த் தனியாகச் சண்டை போட்ட பெரிய கோஷ்டி எதுவும் இல்லை. 2002-க்கும் 2005-க்கும் என்ன மாறியது என்ற உங்கள் முதல் கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சுனாமியை இரண்டாவது ஸ்லைடுக்குத் தள்ளுங்கள். எழுதியதை இங்கே போட்டால் நாங்களும் பார்க்கிறோம், வல்லைவெளியும் கோப்புக்கட்டும் எப்படியும் சண்டைக்கு வருவார்கள்.